நான்கு நோய்களுக்கு ஒரே பதிவேடு

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், ஊறுகாய் ஜாடிக்கும் தண்ணீர்ச் சொம்புக்கும் நடுவே, நீல அட்டை போட்ட நீள நோட்டு ஒன்று எப்போதும் கிடக்கும். அதைப் புரட்டிப் பார்ப்பவர்களுக்கு முதலில் சிரிப்புத்தான் வரும். "5.45 லெவோடோபா. 6.30 காபி. 7.00 சுகர் 132. 7.10 இட்லி மூன்று. 8.15 கை நன்றாக வருகிறது. 9.40 இடக்கால் இழுக்கிறது" என்று ஒரு மனிதனின் முழு நாளும் அதில் நேரம் நேரமாகப் பதிந்திருக்கும். தஞ்சாவூருக்கும் மயிலாடுதுறைக்கும் இடைப்பட்ட ஒற்றைப் பாதையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து, 2013-இல் ஓய்வு பெற்றவன் நான். வந்த வண்டி, போன வண்டி என்று நேரம் குறிப்பது எனக்குக் கைப்பழக்கம். அந்தப் பழக்கம் இப்போது என் உடம்புக்கே உதவுகிறது.

எனக்கு வயது 72. சர்க்கரை நோய் 1999-இல் வந்தது; ரத்த அழுத்தம் 2006-இல் சேர்ந்துகொண்டது; பார்க்கின்சன் எனப்படும் நடுக்குவாதம் 2016-இல் உறுதியானது (நோட்டில் வரும் லெவோடோபா அதற்கான மாத்திரைதான்); ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியின் வீக்கம் 2018-இல் தெரியவந்தது. நான்கிற்கும் தனித்தனி மருத்துவர்கள், தனித்தனிச் சீட்டுகள், தனித்தனி நாட்கள். அவரவர் நோயை மட்டும் பார்த்தால், அவரவர் எழுதிக்கொடுத்ததில் பெரும்பாலும் குறை சொல்ல இடமில்லை. ஒருவர் எழுதியதும் இன்னொருவர் எழுதியதும் என் உடம்புக்குள் எதிரெதிரே வந்து சந்தித்த இடங்களில்தான் தவறு நேர்ந்தது. அந்த இடங்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

தொடக்கமே அப்படியொரு சந்திப்பில்தான் குழம்பியது. 2014-இல் என் இடது தோள் இறுகி, சட்டைக்குள் கை நுழைப்பது பெரும்பாடாயிற்று. சர்க்கரைக்காரர்களுக்குத் தோள்பட்டை இறுகுவது அடிக்கடி நடப்பதுதான் என்பதால், எட்டு மாதம் மெழுகு ஒத்தடமும் கைப்பயிற்சியும் நடந்தன. அதே இறுக்கம் பார்க்கின்சனின் முதல் அறிகுறியாகவும் வரக்கூடும் என்பது அப்போது எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. நாள்பட்ட மலச்சிக்கலுக்குச் சர்க்கரையைக் காரணம் சொன்னோம். கையெழுத்து வரவரச் சிறுத்து, வரி முடிவில் எறும்பு ஊர்வதுபோல் ஆனதற்குக் கண்ணாடியை மாற்றினோம். பெருங்காயம் பொரியும் வாசனை மூக்கில் ஏறாமல் போனதை நான் யாரிடமும் சொல்லக்கூட இல்லை. தூக்கத்தில் யாருடனோ சண்டையிட்டுக் கைகாலை வீசி, ஒருநாள் மனைவியின் தோளில் ஓர் அடியும் விழுந்து, அவள் கூடத்தில் பாய் விரித்துக்கொண்டது குடும்பத்தில் கேலிப்பேச்சாகவே இருந்தது. இவை அனைத்தும் கை நடுங்கத் தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே வரக்கூடிய அறிகுறிகள் என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன்.

கடைசியில் நோயைக் கண்டுபிடித்தது என் மகள், அதுவும் ஒரு கல்யாண வீடியோவில். மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலத்தில் நான் நடந்து வருகிறேன். வலது கை வீசுகிறது, இடது கை முழங்கையில் மடிந்து வயிற்றோடு ஒட்டி நிற்கிறது. அவள் படத்தை நிறுத்தி, "அப்பா, இடது கையில என்ன பிடிச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். நான் எதையும் பிடித்திருக்கவில்லை. 1817-இல் இந்த நோயை முதன்முதலில் விரிவாக எழுதிய லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன், தாம் விவரித்த ஆறு பேரில் சிலரைத் தெருவில் நடந்துபோகும்போது பார்த்தே குறித்துக்கொண்டாராம். நடை அவ்வளவு பேசும். உங்கள் வீட்டில் யாருக்காவது சந்தேகம் இருந்தால், அவர் அறியாமல் எடுத்த ஒரு நடை வீடியோவை மருத்துவரிடம் காட்டுங்கள்; எதிரே உட்கார்ந்து பதில் சொல்லும் பத்து நிமிடத்தில் தெரியாதது அதில் தெரியும்.

இனி, என்னை அதிகம் படுத்திய கதைக்கு வருகிறேன். 2019-இல் வயிற்று உப்புசமும் நெஞ்செரிச்சலும் அதிகமாகி, அருகிலிருந்த பொது மருத்துவர் ஒருவரிடம் போனேன். காலையில் வெறும் வயிற்றில் போட ஒரு கேப்ஸ்யூல் எழுதிக்கொடுத்தார். ஒரு வாரத்தில் வயிறு அடங்கியது. ஐந்தாறு வாரத்தில் நான் அடங்கிவிட்டேன். கட்டிலில் புரண்டு படுக்க மனைவி வந்து தள்ள வேண்டியிருந்தது. வாயோரம் எச்சில் வழிந்தது. அதுவரை ஒழுங்காக இருந்த வலது கையும் ஆடத் தொடங்கியது. நோய் முற்றிவிட்டது என்று நாங்களே முடிவு கட்டினோம். லெவோடோபாவின் அளவு கூட்டப்பட்டது, பலன் இல்லை.

அடுத்த முறை நரம்பியல் பிரிவுக்குப் போவதற்கு முன், அங்கிருந்த இளம் பெண் மருத்துவர் ஒருவர் தொலைபேசியில், "சீட்டு வேண்டாம் ஐயா, வீட்ல இருக்கிற மாத்திரை அட்டை எல்லாத்தையும் ஒரு பையில போட்டுக் கொண்டுவாங்க" என்றார். கல்யாண வீட்டில் தாம்பூலத்தோடு கொடுத்த மஞ்சப்பை ஒன்றில் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனோம். அவர் அவற்றை மேசையில் சீட்டாட்டச் சீட்டுகளைப்போல வரிசையாகப் பரப்பி, ஒவ்வொன்றாகத் திருப்பி, பின்புற வெள்ளித்தாளில் இருக்கும் பொடி எழுத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்துக்கொண்டே வந்தார். வயிற்றுக் கேப்ஸ்யூலில் விரல் நின்றது. "இதை எவ்வளவு நாளாச் சாப்பிடறீங்க?" என்று கேட்டார். நான்கு மாதம் என்றேன். அமிலத்தைக் குறைக்கும் மருந்தோடு லெவோசல்பிரைடு என்னும் இன்னொரு மருந்தும் அதற்குள் இருந்தது. பார்க்கின்சனில் மூளையில் குறைந்துபோவது டோபமைன். லெவோடோபா மூளைக்குள் போய் டோபமைனாக மாறி அந்தக் குறையை ஈடு செய்கிறது. லெவோசல்பிரைடோ அந்த டோபமைன் போய் வேலை செய்யும் இடங்களையே அடைத்துவிடும். ஒருவர் பானையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்க, இன்னொருவர் மூடியை அழுத்திப் பிடித்திருந்த கதைதான் நான்கு மாதமாக நடந்திருக்கிறது. அந்தக் கேப்ஸ்யூலை நிறுத்திய பிறகும் நான் பழைய நிலைக்குத் திரும்ப மூன்று மாதம் ஆயிற்று.

பார்க்கின்சன் உள்ளவர்கள் தவிர்க்க வேண்டியவை என்று அன்று அவர் சொன்ன பெயர்களைச் சிவப்பு மையில் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடு, புரோகுளோர்பெரசின், தலைச்சுற்றலுக்குக் கொடுக்கும் சின்னரிசின், ஃபுளூனரிசின், வயிற்றுக்கான லெவோசல்பிரைடு, மனக்குழப்பத்துக்குக் கொடுக்கும் ஹாலோபெரிடால். பார்க்கின்சன் உள்ளவருக்கு வாந்தி உணர்வும் தலைச்சுற்றலும் வயிற்று உப்புசமும் அன்றாடம் வருபவை என்பதால், இந்த மருந்துகள் நம் வாசலுக்கு வந்துகொண்டேதான் இருக்கும். மருந்துக்கடையில் "வாந்திக்கு ஒரு மாத்திரை கொடுங்க" என்று கேட்டு வாங்கும் பழக்கத்தை அன்றோடு விட்டோம். வாந்திக்கு மாத்திரை வேண்டியிருந்தால் பெரும்பாலும் டோம்பெரிடோனைத் தேர்ந்தெடுக்கிறார்கள்; அதிலும் இதயக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போடக்கூடாது.

புராஸ்டேட் வீக்கம் தெரியவந்த கதையும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். நடுக்கத்துக்காக 2017-இல் எழுதப்பட்ட டிரைஹெக்ஸிஃபெனிடில், அதுவரை சத்தமில்லாமல் வீங்கியிருந்த புராஸ்டேட்டோடு சேர்ந்து, மறு ஆண்டு ஒரு நள்ளிரவில் சிறுநீரை முற்றிலும் அடைத்துவிட்டது. டியூப் போட்டுத்தான் எடுத்தார்கள். வயதானவர்களுக்கு அந்த மாத்திரை மறதியையும் மலச்சிக்கலையும்கூட அதிகமாக்கும். இரவில் இரண்டு மூன்று முறை எழுந்து போகும் பழக்கம் எனக்கு முன்பே இருந்ததை, நடுக்கத்துக்குப் பார்த்த மருத்துவரிடம் நான் சொன்னதில்லை. கைக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று நினைத்துவிட்டேன்.

ஒற்றைப் பாதையில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு விதி எலும்பில் ஊறியிருக்கும்: இரண்டு நிலையங்களுக்கு நடுவே ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான். அடுத்த நிலையத்திலிருந்து லைன் கிளியர் என்னும் அனுமதி வராமல் எந்த வண்டியையும் விட முடியாது. எதிர் வண்டி லூப் என்னும் பக்கப்பாதையில் காத்திருக்கத்தான் வேண்டும். லெவோடோபாவும் புரதமும் அப்படித்தான். உணவிலுள்ள புரதம் சிதைந்து உருவாகும் அமினோ அமிலங்களும் லெவோடோபாவும் சிறுகுடலிலும் பிறகு மூளையின் வாசலிலும் ஒரே வழியாகத்தான் உள்ளே போகின்றன. இரண்டும் ஒன்றாகப் போனால் மாத்திரை பின்தங்கிவிடும். ஆகவே சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பாகவோ, சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்குப் பிறகோ அதைப் போடச் சொல்கிறார்கள். இரும்புச்சத்து மாத்திரையோடும் அது ஒத்துப்போகாது. இரண்டுக்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

இதில் எனக்கு வந்த சிக்கல் சர்க்கரை மருத்துவர் சொன்ன உணவில் இருந்தது. சோற்றைக் குறைத்துச் சுண்டல், பயறு, முட்டை, மோர் என்று சேர்க்கச் சொன்னார். நானும் பத்தேகால் மணிக்கு ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் சாப்பிட்டு வந்தேன். பத்து மணி மாத்திரை மட்டும் ஏன் வேலை செய்வதே இல்லை என்று எனக்குப் பல மாதம் புரியவில்லை. நோட்டில் இரண்டு வாரப் பதிவுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோதுதான், சுண்டல் சாப்பிடாத ஏகாதசியன்று மட்டும் பதினொன்றரைக்குக் கால் நன்றாக நடந்திருப்பது தெரிந்தது. புரதத்தைக் குறைக்கவில்லை, வயதான உடம்புக்கு அது வேண்டும். சுண்டலை மாலை ஏழு மணிக்கு மாற்றினேன். பகலில் நடமாட வேண்டிய நேரத்தில் பாதை மாத்திரைக்கு. இரவில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் பாதை சுண்டலுக்கு. காலைக் காபியில் சேரும் பால் கொஞ்சம்தான் என்றாலும், மாத்திரைக்குப் பிறகு முக்கால் மணி நேரம் அதற்கும் லூப்தான். கும்பகோணத்துக்காரனுக்கு அது எளிதான தியாகம் இல்லை.

ஆனால் இந்த இடைவெளியே இன்னோர் ஆபத்தைக் கொண்டுவந்தது. நான் அப்போது கிளிமெபிரைடு என்னும் சர்க்கரை மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அதைப் போட்டால் உடனே சாப்பிட்டாக வேண்டும். அதுவோ காலை மாத்திரைகளோடு சேர்ந்தே டப்பாவில் இருந்தது. ஒருநாள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுவிட்டு, லெவோடோபாவுக்காக ஒரு மணி நேரம் காத்திருந்தேன். அதன் பிறகு இட்லியை மெல்லவும் விழுங்கவும் எனக்கு நாற்பது நிமிடம் ஆகும். இரண்டோடு கை கழுவிவிட்டேன். பத்தரை மணி வாக்கில் கை வெடவெடவென்று ஆடியது, சட்டை நனைந்தது, பேச்சு குழறியது. மாத்திரையின் வேகம் இறங்கிவிட்டது என்று நினைத்த மனைவி அடுத்த லெவோடோபாவை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "என்னங்க, வாயைத் திறங்க" என்கிறாள். அன்று தற்செயலாக வந்திருந்த மகள்தான் விரலில் குத்திப் பார்த்தாள். 58.

சர்க்கரை தாழ்ந்தாலும் கை நடுங்கும், வியர்க்கும், குழப்பம் வரும். பார்க்கின்சன் மாத்திரையின் வேகம் இறங்கும்போதும் ஏறக்குறைய அதேதான். பார்வைக்கு வேறுபாடு தெரியாது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில், திடீர் நடுக்கமும் வியர்வையும் வந்தால் முதலில் குளுக்கோமீட்டர், பிறகுதான் மாத்திரை டப்பா. 70-க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். விழுங்க முடியாத நிலையிலோ நினைவு தவறிய நிலையிலோ வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். நோட்டை எடுத்துக்கொண்டு போய்க் காட்டியபோது, சர்க்கரை மருத்துவர் அந்த மாத்திரையை நிறுத்திவிட்டு, எளிதில் தாழ்நிலைக்குக் கொண்டுபோகாத வேறு வகையை எழுதினார். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் HbA1c 7 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று அதுவரை வற்புறுத்திவந்தவர், உங்கள் வயதுக்கும் மற்ற நோய்களுக்கும் 8-க்குள் இருந்தால் போதும் என்று இலக்கையும் தளர்த்தினார். ரத்த அழுத்தத்துக்கோ நடுக்கத்துக்கோ பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு, சர்க்கரை தாழும்போது படபடப்பு போன்ற எச்சரிக்கைகள் வெளியே தெரியாமலே போகலாம் என்பதையும் அவர்தான் சொன்னார்.

நான் விழுந்தது 2020 டிசம்பரில், விடியற்காலை மூன்று மணிக்கு. சிறுநீர் கழிக்க அவசரமாக எழுந்தேன். நான்காவது அடியில் கண் இருண்டது. பீரோ விளிம்பில் புருவம் பட்டு ஐந்து தையல். மறுநாள் மருத்துவமனையில் உட்காரவைத்துப் பார்த்த ரத்த அழுத்தம் 140/80. அதாவது, எல்லாம் சரி. நரம்பியல் மருத்துவர்தான் படுக்கவைத்து ஒருமுறையும் நிற்கவைத்து மூன்று நிமிடம் கழித்து ஒருமுறையும் பார்க்கச் சொன்னார். படுக்கையில் 158/86, நின்றபோது 114/68. எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தாலே அது கவனிக்க வேண்டிய வீழ்ச்சி; எனக்கு மேல் அளவு 44 குறைந்திருந்தது. காரணத்தை எண்ணிப் பார்த்தால் ஐந்து கைகள் சேர்ந்து இழுத்திருக்கின்றன. ரத்தக்குழாய்களை இறுக்கிப் பிடிக்கும் நரம்புகளைப் பார்க்கின்சன் கெடுக்கிறது; நாள்பட்ட சர்க்கரையும் அதே நரம்புகளைக் கெடுக்கிறது; லெவோடோபா அழுத்தத்தைச் சற்றே குறைக்கும்; புராஸ்டேட்டுக்கான டாம்சுலோசின் இன்னும் கொஞ்சம்; இவற்றின் மேல் இரவு ஒன்பது மணிக்கு நான் போடும் ரத்த அழுத்த மாத்திரை.

அதன் பிறகு ரத்த அழுத்த மாத்திரையின் அளவும் நேரமும் மாற்றப்பட்டன. அதை நாமாக மாற்றக்கூடாது. படுத்திருக்கும்போது ஏறியும் நிற்கும்போது இறங்கியும் இருக்கும் அழுத்தத்தைச் சமன்செய்வது மருத்துவர்களுக்கே தலைவலிதான். நாமாகச் செய்யக்கூடியவை வேறு சில உண்டு. கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் அடியில் செங்கல் வைத்து உயர்த்தினோம். எழும் முன் படுத்தபடியே பாதங்களை மேலும் கீழும் இருபது முறை ஆட்டி, விளிம்பில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து, பிறகே எழுகிறேன். இரவுக்குக் கட்டிலருகே சிறுநீர்ப் பாட்டில்; வெட்கப்பட்டு ஒரு வருடம் தள்ளிப்போட்ட அந்தப் பொருளை முன்பே வாங்கியிருந்தால் தையல் மிச்சம். 2021-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர் பெண் எங்கள் தெருவுக்கு வருவார். உட்கார்ந்த அளவோடு நின்ற அளவையும் எடுத்துத் தர முடியுமா என்று முதல்முறை கேட்டபோது வியந்து பார்த்தார். இப்போது கேட்காமலேயே, "ஐயா, எந்திரிச்சு நில்லுங்க" என்கிறார். அந்த எண்கள் இரண்டும் நோட்டில் ஏறும்.

பூனைக்காலி என்னும் மூலிகையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் உறவினர்கள் யாரும் அதைச் சொல்லாமல் விடுவதில்லை. ஒரு சித்தப்பா மகன் அன்போடு வாங்கி அனுப்பிய பூனைக்காலி விதைப் பொடியை, மருத்துவரிடம் சொல்லாமல் மாத்திரைகளோடு சேர்த்து இரண்டு வாரம் பாலில் கலந்து குடித்தேன். மூன்றாம் நாளே நடை இலகுவாயிற்று. பத்தாம் நாள் கழுத்தும் தோளும் தம் இஷ்டத்துக்குப் பாம்பு போல நெளியத் தொடங்கின. நின்றால் கண் இருண்டது. அந்த விதையில் இருப்பதே லெவோடோபாதான். அதில் ஆச்சரியம் என்னவென்றால், பூனைக்காலி விதையிலிருந்து அதைப் பிரித்தெடுத்து 1937-இல் கட்டுரை எழுதிய தாமோதரனும் ராமசாமியும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர்கள். அது பார்க்கின்சனுக்கு மருந்தாகும் என்பது அப்போது உலகில் யாருக்கும் தெரியாது. அதற்கு 1960-கள் வர வேண்டியிருந்தது. விதை பொய் சொல்லவில்லை. ஒரு தேக்கரண்டியில் எவ்வளவு இருக்கிறது என்பதுதான் யாருக்கும் தெரியாது. ஏற்கெனவே அளந்து சாப்பிடும் மருந்தின் மேல் அளக்காத அதே மருந்தைக் கொட்டினால் என்ன ஆகுமோ அதுதான் எனக்கு ஆயிற்று.

வெறும் வயிற்று ரத்தப் பரிசோதனை நாட்களில் நான் நீண்ட காலம் செய்துவந்த தவறு, காலை 5.45 மாத்திரையையும் விட்டுவிட்டுப் போனது. வரிசையில் என் பெயரைக் கூப்பிடும்போது நாற்காலியிலிருந்து எழ முடியாது. வெறும் வயிறு என்றால் உணவு கூடாது என்பதுதான். பார்க்கின்சன் மாத்திரையைத் தண்ணீரோடு நேரத்துக்குப் போடலாம் என்று மருத்துவர் தெளிவாக எழுதிக்கொடுத்திருக்கிறார். சர்க்கரை மாத்திரைதான் சாப்பாடு வரும்வரை காத்திருக்க வேண்டியது.

இதைவிடக் கடுமையாக நான் கற்றது 2021-இல், சிறுநீர்த் தொற்றும் காய்ச்சலுமாக ஒரு மருத்துவமனையில் சேர்ந்தபோது. வீட்டு மாத்திரைகளை எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு, அவர்களுடைய வழக்கப்படி காலை எட்டு, மதியம் இரண்டு, இரவு எட்டு என்று கொடுத்தார்கள். எனக்கு வேண்டியது நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை. இரண்டாம் நாள் மரக்கட்டையாகிவிட்டேன். காய்ச்சலும் சேர்ந்து, வார்டின் ஓரத்தில் பிளாட்பாரத்தில் நிற்பவர்கள்போல ஆட்கள் தெரிந்தார்கள். படுக்கை விரிப்பு மாற்ற வந்த பையனிடம் லைன் கிளியர் கேட்டேனாம். லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்துவதோ தாறுமாறாகத் தள்ளிப்போடுவதோ கடும் உடல் இறுக்கத்தையும் உயிருக்கே ஆபத்தான காய்ச்சலையும் கொண்டுவரக்கூடும் என்று நரம்பியல் மருத்துவர் எழுதிய கடிதத்தை மகள் கொண்டுவந்த பிறகே நேரம் சரியாயிற்று. அந்தக் கடிதத்தின் மூன்று நகல்கள் இப்போது மஞ்சப்பையிலேயே இருக்கின்றன. அதில் மாத்திரைகளின் பெயர், அளவு, மணி, கொடுக்கக்கூடாத மருந்துகள் எல்லாம் ஒரே பக்கத்தில் உள்ளன. மறு ஆண்டு கண்புரை அறுவைக்குப் போனபோது அதே தாளைப் பார்த்த கண் மருத்துவர், டாம்சுலோசின் என்ற வரியில் நிறுத்தி, நல்ல வேளை எழுதியிருக்கிறீர்கள் என்றார். அந்த மருந்து கருவிழித்திரையைத் தளர்த்திவிடுமாம். முன்கூட்டியே தெரிந்தால் அறுவையின்போது அதற்கேற்பத் தயாராக இருப்பார்களாம். புராஸ்டேட்டுக்கும் கண்ணுக்கும் தொடர்பிருக்கும் என்று நானாக நினைத்திருக்கவே மாட்டேன்.

பாதம் மரத்துப்போவதைச் சர்க்கரையின் விளைவு என்று விட்டுவிட வேண்டாம். பல ஆண்டுகள் மெட்ஃபார்மின் என்னும் சர்க்கரை மாத்திரை சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறையக்கூடும். லெவோடோபா நெடுங்காலம் சாப்பிடுபவர்களுக்கும் அந்தக் குறை வருவதுண்டு. எனக்கு ரத்தத்தில் பார்த்தபோது குறைவாகத்தான் இருந்தது. ஊசி போட்டபின் தரை காலுக்குத் தெரிகிறது.

தரை தெரிந்தாலும் வாசற்படி தாண்டுவது வேறு கதை. குளியலறை வாசலில் என் கால்கள் தரையோடு ஒட்டிக்கொண்டுவிடும். பின்னாலிருந்து தள்ளினால் விழுவேன். "சீக்கிரம் வாங்க" என்றால் இன்னும் ஒட்டும். ஒரு வெள்ளிக்கிழமை நிலைப்படியருகே மனைவி போட்டிருந்த படிக்கோலத்தின் இணைகோடுகளைத் தாண்டிக்கொண்டு நான் தடையின்றி நடந்துபோனதை அவளேதான் கவனித்தாள். தாண்டுவதற்குக் குறுக்கே ஒரு கோடு இருந்தால் மூளை வேறு வழியில் காலைத் தூக்கிவிடுகிறது. பிசியோதெரபிஸ்டுகள் இதையே பயிற்சியாகத் தருகிறார்கள். கோலமாவு ஈரத்தில் வழுக்கும் என்பதால், குளியலறை முன்பு சிவப்புத் தரையில் ஒரு சாண் இடைவெளியில் வெள்ளை டேப் ஐந்து வரி ஒட்டியிருக்கிறோம். வெளியில் மாட்டிக்கொண்டால் மனத்துக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணி மூன்றில் காலை எடுக்கிறேன்.

நான்கு மருத்துவர்களும் ஒரே குரலில் சொன்ன விஷயம் நடை ஒன்றுதான். மாத்திரை போட்டு முக்கால் மணி நேரம் கழித்து, வெயில் ஏறுமுன், சட்டைப்பையில் சர்க்கரைப் பொட்டலத்தோடு அரை மணி நேரம் நடக்கிறேன். திரும்பி வந்து செய்தித்தாளில் ஒரு பத்தியைத் தெருவுக்குக் கேட்கும்படி உரக்கப் படிக்கிறேன், குரல் அடங்கிப்போகாமல் இருக்க.

இத்தனையிலும் மனைவியைப் பற்றிச் சொல்லாமல் விட்டது நியாயமில்லை. அவளுக்கு 67 வயது, இரண்டு முழங்காலும் தேய்ந்தவை. என் நோட்டின் பாதிப் பதிவுகள் அவள் கையெழுத்து. என் முகத்தில் தசைகள் இறுகி உணர்ச்சி தெரியாமல் போனதை, நான் அவள்மேல் எப்போதும் கோபமாக இருக்கிறேன் என்று ஒரு வருடத்துக்கு மேல் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். மருத்துவரிடம் போகும்போது துணைவரையும் உள்ளே அழைத்துப் போங்கள். அவருடைய சந்தேகங்களும் கேட்கப்பட வேண்டியவை. மாதத்தில் மூன்று நாட்கள் மகள் வந்து நோட்டைப் பார்த்துக்கொள்ள, மனைவி தன் அக்கா வீட்டுக்குப் போய் வருகிறாள். தொடக்கத்தில் எனக்கு அது பிடிக்கவில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பட்டியலிடப்பட்ட 21 வகைகளில் பார்க்கின்சனும் ஒன்று என்பது பலருக்குத் தெரியாது, சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். வங்கியில் கையெழுத்து ஒத்துவராமல் காசோலை திரும்பும் முன்பே, புதிய கையெழுத்தைப் பதிவு செய்துகொள்வதும் நல்லது.

வரும் புதன்கிழமை நரம்பியல் மருத்துவரிடம் போகிறோம். நோட்டின் கடைசிப் பக்கத்தில் மூன்று கேள்விகள் இருக்கின்றன: மாலை ஆறு மணி மாத்திரை எட்டு மணிக்கே இறங்கிவிடுவது ஏன்; தயிர்சாதம் விழுங்கும்போது இருமல் வருவதற்குப் பேச்சுப்பயிற்சியாளரைப் பார்க்க வேண்டுமா; மூன்றாவது மனைவியின் கையெழுத்தில் இருக்கிறது, அதை அவளே கேட்டுக்கொள்வாளாம்.